புதுப்பிப்பு: பெரிய வீட்ட வித்துட்டு ரிட்டயர்மென்ட்டுக்கு எங்க போறதுன்னு கேட்டிருந்தேனே

பதில் போட்ட எல்லாருக்கும் தேங்க்ஸ். சின்ன ஃபிளாட் வாங்கறதா, முதியோர் குடியிருப்பா, இல்ல பொண்ணு வீட்டுப் பக்கத்துல வாடகையான்னு கேட்டிருந்தேன். வாடகைதான் முடிவாச்சு.

"பணத்தப் போடறதுக்கு முன்னாடி அங்கயே தங்கிப் பாருங்க"ன்னு ஒருத்தர் சொன்னாரே, அதான் கை குடுத்துச்சு. குடியிருப்புல கெஸ்ட் ரூம் எடுத்துத் தங்கினோம், சாப்பாடு, நர்ஸ் எதையும் குறை சொல்ல முடியாது, ஆனா அக்ரிமென்ட்ட வரி விடாம படிச்சா, காலி பண்ணினாலும் அந்த யூனிட்டுக்கு வேற ஆள் வந்தப்புறம்தான் டெபாசிட் திரும்பக் கிடைக்குமாம், மெயின்டனன்ஸ் வருஷா வருஷம் எவ்வளவு ஏறலாம்னு ஒரு வரம்பும் போடல. என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போடாம பேனாவ மூடிட்டு எழுந்துட்டார்.

இப்ப இருக்கறது மூணாவது மாடி, லிஃப்ட்டுக்கு ஜெனரேட்டர் இருக்கு. வீல்சேர் தாராளமா நுழைய 32 இஞ்ச் வழி வேணும்னு சொன்னீங்கள்ல, டேப் வச்சு அளந்தா பாத்ரூம் கதவு மட்டும் 27, ஓனர் மாத்திக்கச் சொல்லிட்டார், செலவு எங்களது.

எதிர்பாக்காதது பீரோதான். லிஃப்ட்ல நுழையல, கயிறு கட்டி பால்கனி வழியா ஏத்தினாங்க, இவர் கண்ண மூடிக்கிட்டார். சாமான் ஏத்தறதுக்கு முன்னாடி லிஃப்ட்டையும் அளந்துடுங்க.