வளைவு பிறகு கட்டலாம், இந்த வருடம் காப்பிக்குக் கொடுப்போம்

அன்புள்ள ஊர் உறவுகளே,

துபாயிலும் சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் இருக்கும் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகள் எல்லோருக்கும் தண்டையார்பேட்டையிலிருந்து வணக்கம். ஊர் நுழைவாயிலில் வளைவு கட்ட நிதி திரட்டுவது பற்றிப் போன மாதம் பேச்சு வந்தது. நான் இன்னும் பதில் எழுதவில்லை. அதற்குக் காரணம் இரண்டு பை காப்பிக்கொட்டை.

பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது சித்தப்பா இரண்டு கிலோ கொட்டை கட்டிக் கொடுத்தார். பெரியம்மாவும் தன் பங்குக்கு ஒரு மஞ்சள் பையில் அரைக் கிலோ வைத்தார். ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் ஒரு காப்பித்தூள் கடையில் இரண்டையும் தனித்தனியாக வறுத்துத் தரச் சொன்னேன். கடைக்காரர் சித்தப்பாவின் கொட்டையை வறுத்துத் தட்டில் கொட்டி விரலால் அளைந்தார். கரும்பழுப்புக்கு நடுவே அங்கங்கே வெளிறிய கொட்டைகள், வேர்க்கடலை நிறத்தில். ஒன்றைக் கடித்துப் பார்க்கச் சொன்னார். காகிதத்தை மென்றதுபோல் சப்பென்று இருந்தது. "செடி நல்ல செடிதான் சார். பழுக்கறதுக்கு முன்னாடியே உருவிட்டாங்க" என்றார். பெரியம்மா பையை வறுத்தபோது ஒரு கொட்டைகூட வெளிறவில்லை. "இது எந்த எஸ்டேட்?" என்று கேட்டார். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பத்துச் செடி என்று சொன்னேன்.

இரண்டும் ஒரே மண், எஸ்.795 என்ற ஒரே அராபிகா ரகம். நடுவில் ஒரு வேலிதான். பெரியம்மா வீட்டுக்குக் குடிக்கப் பறிக்கிறார், சிவந்ததை மட்டும் எடுக்கிறார், நசுக்கி, கழுவி, களத்தில் பழைய சேலை விரித்துக் காயவைக்கிறார். சித்தப்பா விற்கப் பறிக்கிறார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செடியைப் பூக்கவைக்கும் பூ மழை விட்டு விட்டுப் பெய்தால் பூவும் விட்டு விட்டுத்தான் பூக்கும், பழமும் ஒரே நாளில் சிவக்காது. பழுத்ததை மட்டும் எடுக்க ஒரு தோட்டத்துக்கு மூன்று நான்கு சுற்று ஆள் விட வேண்டும். அதற்குக் கூலி கொடுக்கக் கையில் காசு வேண்டும். ஆனால் அறுவடைக்கு முன்பே உரத்துக்கும் பிள்ளைகளின் கல்லூரிக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியாகிவிட்டது. அவர் காயா பழமா என்று பார்ப்பதில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே விலை. அப்புறம் யார் நான்கு சுற்று போவார்கள்?

தாத்தா காலத்தில் இப்படி இல்லை. 1942-ல் வந்த காப்பிச் சட்டத்தின்படி விளைந்ததெல்லாம் அரசின் காப்பி வாரியத்துக்குப் போகும், எல்லோருடையதையும் ஒன்றாகச் சேர்த்து அதுவே விற்கும். பணம் தவணை தவணையாகத்தான் வரும் என்று தாத்தா அலுத்துக்கொள்வார், ஆனால் வாங்க ஆள் உண்டு என்ற நிம்மதி இருந்தது. 1990-களில் அந்த ஏற்பாடு போயிற்று. நல்ல விலை வரும் என்று எல்லோரும் நம்பினோம். 2001 வாக்கில் உலக விலையே அதலபாதாளத்துக்குப் போனபோது நம் ஊரில் எத்தனை வீட்டில் காப்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு சௌசௌ பந்தல் போட்டார்கள் என்று உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

மிஞ்சியதற்கும் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு வந்தது. கமலா ஆரஞ்சு மரங்கள் நோயில் பட்டுப்போனதும் தோட்டத்தில் நிழல் குறைந்தது. வெயில் படும் தண்டில்தான் அந்த வண்டு முட்டையிடும். இந்த முறை சித்தப்பா ஒரு செடியைக் காட்டினார். இலை மஞ்சளாகி, தண்டில் நரம்பு புடைத்ததுபோல் வரி வரியாக மேடு. கையால் அசைத்தார், மடக்கென்று ஒடிந்தது. உள்ளே புழு குடைந்த வழி நெடுகத் தூள் அடைத்துக் கிடந்தது. இருபது வருடச் செடி. அதைத் தூக்கி எரிக்கக் கொண்டுபோகும்போது அவர் ஒன்றும் பேசவில்லை.

காப்பி விலைதான் உச்சத்துக்குப் போயிற்றே, நாம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2025 தொடக்கத்தில் நியூயார்க் சந்தையில் அராபிகா ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டியது உண்மை. ஆனால் செடியைப் பிடுங்கியவனுக்கு அதில் என்ன லாபம்? புதுக் கன்று காய்க்க மூன்று நான்கு வருடம் ஆகும். விலை நன்றாக இருக்கும்போதே நட்டால்தான் உண்டு. கொடைக்கானல் பக்கத்துத் தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, விதைக்கும் யோசனைக்கும் நாம் அலைய வேண்டியதில்லை. முன்பணம்தான் இல்லை.

ஆகவே நான் கேட்பது நன்கொடை அல்ல. ஒவ்வொரு குடும்பமும் வருடத்துக்கு ஐந்து கிலோ தூள் நம் ஊரிலிருந்தே வாங்குவோம், உத்தேசமாகப் பாதிப் பணத்தைச் செப்டம்பரிலேயே அனுப்புவோம். ஐந்து கிலோ தூளுக்கு ஆறு கிலோ கொட்டை வேண்டும், ஆறு கிலோ கொட்டைக்கு முப்பத்தாறு கிலோ பழம். வியாபாரியிடம் கைநீட்டாமல் கூலி கொடுக்க அந்த முன்பணம் போதும். விலையை இப்போதே கட்டிவிடக் கூடாது. பறிப்பு சமயத்தில் பட்டிவீரன்பட்டிக் காப்பிச் சந்தையில் போகும் விலைக்கு மேல் கிலோவுக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்வோம். இதில் ஒரே நிபந்தனைதான்: சிவந்த பழம் மட்டும். முதல் வருடம் ஊரில் காப்பி விளைவிக்கிற நான்கு வீடு போதும். சித்தப்பா சரி என்று சொல்லிவிட்டார். பெரியம்மா, பறிக்க வரும் பெண்களுக்குத் தானே சொல்லித் தருவதாகச் சொன்னார்.

கொட்டை என் வீட்டுக்கு வந்துவிடும். அதே கல்மண்டபம் கடையில் வறுக்கப் பேசியிருக்கிறேன். வடசென்னையில் இருக்கும் நம் ஊர்க் குடும்பங்கள் பொட்டலம் போட ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். வெளிநாட்டுக்கு, ஊர் வந்து திரும்புகிறவர்கள் கையில் கொடுத்து அனுப்பலாம்.

வளைவு வேண்டும் என்ற பெரியவர்கள் மனம் வருந்த வேண்டாம். அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பறிப்பு நவம்பர் கடைசியில் தொடங்கிவிடும் என்பதால்தான் இதை முதலில் பார்ப்போம் என்கிறேன். யார் யாருக்கு எத்தனை கிலோ, சிக்கரி கலக்க வேண்டுமா, எவ்வளவு என்பதை ஆகஸ்டுக்குள் எழுதுங்கள். பெரியம்மா கொடுத்த கொட்டையை அரைத்த தூளில் இன்னும் ஒரு டப்பா மீதி இருக்கிறது. சென்னைப் பக்கம் வருகிறவர்கள் வீட்டுக்கு வந்து குடித்துப் பார்த்துவிட்டே சொல்லலாம்.