கூரை நம்முடையது, கடன் யார் பெயரில்? சோலார், காற்றாலை அனுபவங்கள்

கோபிக்காரன்:

வீட்டுக் கூரையில் 3 கிலோவாட் சோலார் போட்டேன், ஒன்றிய அரசு மானியம் தரும் பிரதமர் சூரிய வீடு திட்டத்தில். விவரம் எல்லாருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். மானியம் 78,000 ரூபாய். ஆனால் பேனல் ஏற்றி, மீட்டர் மாற்றி, ஆள் வந்து பார்த்துப் போன பிறகுதான் அது கணக்கில் ஏறும். அதுவரை முழுப் பணத்தையும் நாம்தான் புரட்ட வேண்டும். அதற்காகத்தான் 3 கிலோவாட் வரை 2 லட்சம் கடன் பிணையில்லாமல் தருகிறார்கள். அதை நம்பி அம்மாவையும் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனேன். மின் இணைப்பு அவர் பெயரில் இருக்கிறது.

மேலாளர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, வண்டிக் கடன்னா வண்டியத் தூக்கிட்டு வந்துரலாம். இந்தப் பலகையக் கழட்டிட்டு வந்து நாங்க என்ன பண்றது?" என்றார். பிணை கேட்கக் கூடாது என்பதுதானே திட்டம் என்றேன். "நகை இருந்தா வைங்க, அரை மணி நேரத்துல முடிச்சிரலாம்" என்றார். கடுமையாகப் பேசவில்லை. நமக்கு உதவுவதாக நினைத்தே சொன்னார்.

நான் பதில் சொல்வதற்குள் அம்மா வளையலைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். வலது கை வளையல் வந்துவிட்டது. இடது கையில் விரல் முட்டி வீங்கியிருக்கும், வரவில்லை. கவுண்டரில் இருந்த பெண் எழுந்து போய் ஒரு சோப்பு கொண்டுவந்து கொடுத்தார். அங்கே கை கழுவும் இடத்தில், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நுரை தேய்த்துக் கழற்றினேன். "பாத்து கண்ணு, தொட்டிக்குள்ள விழுந்துரப் போகுது" என்றார்.

பேனல் நன்றாக ஓடுகிறது, பில் குறைந்துவிட்டது. ஆனாலும் அந்த நுரை மனதை விட்டுப் போகவில்லை. உங்களுக்கெல்லாம் எப்படி நடந்தது?

மின்கம்பம்:

தம்பி, நீங்கள் அங்கேயே விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது. எனக்கு 11 நாளில் கடன் கிடைத்தது, நகை கேட்கவில்லை. காரணம் ஒன்றுதான்: நேரில் போய் நிற்காமல் அரசுத் திட்டக் கடன்களுக்கான ஜன் சமர்த் இணையதளம் வழியாக விண்ணப்பித்தேன். அதில் விண்ணப்ப எண் வந்துவிடும். அப்புறம் மறுப்பதென்றால் அவர்கள் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். வாய்ப்பேச்சாக "முடியாது" என்றால் எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள், பாதிப் பேர் அங்கேயே இறங்கி வருவார்கள்.

இனி போடப் போகிறவர்களுக்கு இன்னும் சில. மானியம் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000, அதோடு நின்றுவிடும். 5 கிலோவாட் போட்டாலும் அதே 78,000தான். "பெரிசாப் போடுங்க சார்" என்று விற்க வருகிறவர் இதைச் சொல்ல மாட்டார். பேனலும் அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் இந்தியாவில் தயாரானவையாக இருந்தால்தான் மானியம், எனவே வரிசை எண்ணோடு பில் வாங்குங்கள். நம் ஊர் அட்சரேகைக்குத் தெற்குப் பார்த்து 10, 11 டிகிரி சாய்வு போதும். தண்ணீர்த் தொட்டியின் நிழல் மதியத்துக்கு மேல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்கு, 500க்குக் கீழே உள்ள யூனிட்டுகளின் விலையும் சேர்ந்தே கூடுகிறது. சோலார் முதலில் காப்பாற்ற வேண்டியது அந்த வீடுகளைத்தான். இறந்தவர் பெயரில் இணைப்பு இருந்தால் முதலில் பெயர் மாற்றம், பிறகு மற்றதெல்லாம்.

முன்னாள்_வார்டு:

மின்கம்பம் அண்ணா, நீங்கள் சொன்னதெல்லாம் சரி. ஆனால் அது தனி வீட்டுக் கணக்கு. கூரையே இல்லாதவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? எனக்கு அந்த ஏக்கம்தான்.

மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி 2006இல் சொந்தமாகக் காற்றாலை வாங்கியது. 350 கிலோவாட், 1 கோடியே 55 லட்சம். ஊராட்சி சேமித்து வைத்திருந்த பணம் 40 லட்சம் போக மீதி வங்கிக் கடன். காற்றாலை நிற்பது ஊரில் இல்லை, உடுமலைப் பக்கம் மைவாடியில், காற்று அங்கேதான். ஊர்த் தேவை போக மிஞ்சுவதை மின்வாரியத்துக்கு விற்றார்கள்.

அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எங்கள் கிராம சபையில் சொன்னேன். ஆலமரத்தடி, ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு அம்மா எழுந்து கேட்டார்: "சாமி, அந்தக் கடன் உங்க பேர்லயா, ஊரு பேர்லயா? நீங்க அஞ்சு வருசத்துல போயிருவீங்க. நாங்க இங்கயே தான இருப்போம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஊராட்சி கடன் வாங்க அரசு அனுமதி வேண்டும் என்பது தெரியும். ஆனால் அந்த அம்மா கேட்டது அதையில்லை. "விசாரிச்சுச் சொல்றேனுங்க" என்று சொல்லி உட்கார்ந்தேன். அடுத்த கிராம சபைக்குள் என் பதவிக்காலமே முடிந்துவிட்டது. போய்ச் சொல்லவேயில்லை.

வலிகாமம்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்குக் கடனில் பிரச்சினை வரவில்லை, வந்தது வேறு இடத்தில்.

2018இல் 5 கிலோவாட் போட்டோம். அப்போதைய ஒப்பந்தப்படி நாங்கள் கொடுக்கிற மின்சாரத்துக்கு மின்சார சபை முதல் ஏழு வருடம் அலகுக்கு 22 ரூபாய் தரும், பிறகு 15 ரூபாய் 50 சதம், மொத்தம் 20 வருடம். அந்த 22 ரூபாயை வைத்துத்தான் அப்பா கடன் தவணையைக் கணக்குப் பார்த்தார். கொப்பியில் மாதம் மாதமாக எழுதி வைத்திருக்கிறார்.

2025 பெப்ரவரியில் நாடு முழுக்க மின்சாரம் போனது நினைவிருக்கும். அதன்பின் சித்திரை வருடப்பிறப்பு விடுமுறைக்குக் கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி அறிவிப்பு வந்தது. தொழிற்சாலைகள் பூட்டு, பாவனை குறைவு, வெயிலோ உச்சம். கட்டமைப்பு தாங்காது என்ற காரணம் விளங்குகிறது. குறை சொல்லவில்லை.

ஆனால் அன்று காலை அம்மா முற்றத்தில் கோலம் போட்டு, பொங்கி, சூரியனுக்குப் படைத்தவ. அப்பா கும்பிட்டார். கும்பிட்ட கையோடு சுவர்ப்பக்கம் போய் இன்வேர்ட்டரின் சுவிட்சைத் திருப்பினார். பச்சை விளக்கு அணைந்தது. "பொங்கலை எடுங்கோ" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு வெயில் என்றால் அப்படி ஒரு வெயில்.

தவணை மட்டும் வழக்கமான திகதியில் கழிந்தது. மின்கலத்துக்கும் சேர்த்து அப்பவே கடன் தந்திருந்தால் பகல் மின்சாரத்தை இரவுக்கு வைத்திருக்கலாம். இப்ப எனக்கு இருக்கிற ஆதங்கம் அதுதான்.

கோபிக்காரன், அம்மாவின் வளையல் திரும்பி வந்ததா?

வடகடல்:

முன்னாள் வார்டு ஐயா, அந்த அம்மாவின் கேள்விக்கு இங்கே ஒரு பதிலைப் பார்த்தேன். நான் கோபன்ஹேகனில் இருக்கிறேன். கரையிலிருந்து பார்த்தாலே கடலுக்குள் நிற்கும் மிடில்குரூண்டன் காற்றாலைகள் தெரியும். மொத்தம் 20, அதில் 10 கூட்டுறவுடையது. 40,500 பங்குகள், தொடங்கியபோது எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள். பக்கத்து வீட்டு டேனிஷ் பாட்டி வைத்திருந்ததில் ஐந்து பங்கை நான் வாங்கினேன்.

முதல் பொதுக்கூட்டத்துக்குப் போனபோது அந்தப் பாட்டி எழுந்து, பராமரிப்புச் செலவு ஏன் இவ்வளவு என்று கேட்டார். ஓய்வுபெற்ற தாதி அவர். மேடையில் இருந்தவர்கள் படம் போட்டு, கியர்பெட்டி எது, அதில் என்ன தேய்கிறது என்று கால் மணி நேரம் விளக்கினார்கள். ஒருவர்கூடக் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அதுவரை கேள்வி கேட்டுப் பழக்கமே இல்லை.

ஆனால் மின்கம்பம் அண்ணாவோடு எனக்கு உடன்பாடில்லை. ஆளாளுக்கு நன்றாக விண்ணப்பிக்கத் தெரிந்துவிட்டால் போதும் என்பது போல எழுதுகிறீர்கள். இங்கே 2009இல் ஒரு சட்டம் வந்தது. புதிய காற்றாலை கட்டுகிறவர் பங்கில் 20 சதவீதத்தை 4.5 கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களுக்கு முதலில் விற்பனைக்கு வைக்க வேண்டும் என்றது. 2020இல் அதை மாற்றி, பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுக்கும் முறைக்குப் போய்விட்டார்கள். எனக்கு முந்தையதே பிடிக்கும். பணம் வாங்குகிறவர் கூட்டத்துக்கு வர முடியாது, பங்கு வைத்திருப்பவர் வரலாம். முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்றாலைக்கு நடுவில் குடியிருப்பவர்களுக்கு இப்படி ஒரு பங்கு கிடைத்திருந்தால் என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் நினைப்பேன்.

மின்கம்பம்:

நான் சட்டம் வேண்டாம் என்று எங்கே சொன்னேன்? சட்டம் வரும்வரை சும்மா இருக்க முடியாது என்றுதான் சொல்கிறேன். கோபித் தம்பி, இப்போதும் ஒன்று செய்யலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குறைகிற பில் தொகையைத் தனியாக எடுத்து வைத்து நகைக்கடனில் கட்டுங்கள். வட்டி மட்டும் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போகாதீர்கள், அது முடியவே முடியாது.

கோபிக்காரன்:

அப்படித்தான் செய்கிறேன் அண்ணா.

வலிகாமம், மானியம் வந்த அன்றே போய் வளையல் இரண்டையும் மீட்டுவிட்டேன். கூட வைத்த சங்கிலி இன்னும் அங்கேதான் இருக்கிறது. வலது கை வளையலை அம்மா போட்டுக்கொண்டார். இடது கை வளையலைப் போடச் சொன்னால் "சங்கிலியும் வரட்டும் கண்ணு" என்கிறார். பீரோவில் சிவப்புத் தாளில் சுற்றி வைத்திருக்கிறார்.