கணக்கு வாத்தியாருக்கு மட்டும் கடன் உதவி: நியாயமா?

செங்காந்தள்:
எங்கள் பள்ளியில் சென்ற ஆண்டு ஆகஸ்டில் தொடங்கி கிறிஸ்துமஸ் விடுமுறை வரை இயற்பியலுக்கு ஆசிரியரே இல்லை. என் மகள் தினமும் அந்த ஒரு மணி நேரமும் கணினியில் காணொளி பார்த்து, நான்கு விடைகளில் ஒன்றைச் சொடுக்கிவிட்டு வந்தாள். பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது ஆய்வகத்தை எட்டிப் பார்த்தேன். ஊசல் குண்டுகள் வந்த பெட்டியின் மேல் ஒட்டிய நாடாகூடப் பிரிக்கப்படவில்லை. வயிறு எரிந்தது.

அதனால்தான் அமெரிக்காவில் எங்கள் ஓக்லஹோமா மாநிலம் 2000ஆம் ஆண்டில் கொண்டுவந்த திட்டத்தை ஆதரிக்கிறேன். பட்டம் வாங்குமுன்பே ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். பிறகு ஐந்து ஆண்டுகள் இங்குள்ள அரசுப் பள்ளிகளில் மேல் வகுப்புகளுக்குக் கணிதமோ அறிவியலோ கற்பித்தால், மாநிலம் கல்விக்கடனுக்குப் பணம் தரும். கடன் பாக்கி இல்லாதவருக்கு ரொக்கமாகவே கிடைக்கும். இது எண்ணெய் நிறுவனங்களின் ஊர். கணக்கு தெரிந்த பிள்ளைக்கு அங்கே கதவு திறந்தே இருக்கிறது. வகுப்பறையும் எதையாவது கொடுத்துத்தானே அழைக்க வேண்டும்?

கருவேலன்:
அம்மா, உங்கள் கோபம் புரிகிறது. மருந்துதான் தவறு. புதிய ஆசிரியரின் குறைந்தபட்ச ஆண்டு ஊதியத்தை 31,600 டாலரில் நிறுத்தி, 2008 முதல் பத்து ஆண்டுகள் அசையாமல் வைத்திருந்தது இதே மாநிலம்தான். கடன் திட்டம் அப்போதும் இருந்தது. என்ன ஆயிற்று? 2016இல் மாநிலத்தின் சிறந்த ஆசிரியராகத் தேர்வு பெற்றவரே மறு ஆண்டு டெக்ஸாஸுக்குப் போய்விட்டார். இங்கே நார்மன் நகரில் கணிதம் கற்பித்தவர் அவர். ஏன் போகிறேன் என்று ஊரறிய எழுதிவிட்டும் போனார். 2018 ஏப்ரலில் பள்ளியை விட்டுத் தலைநகருக்குத் திரளப்போவதாக ஆசிரியர்கள் அறிவித்த பிறகுதான் சராசரியாக 6,100 டாலர் உயர்வு வந்தது. ஊதியத்தை உயர்த்துங்கள். கடனை அவரவர் கட்டிக்கொள்வார்கள்.

மணல்மேடு:
நான் கணித ஆசிரியர். கருவேலன் ஐயா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். என் கணக்கைப் பாருங்கள். 30,000 டாலர் கடன், 5 சதவீத வட்டி, பத்து ஆண்டு தவணை என்றால் மாதம் ஏறத்தாழ 318 டாலர். ஐந்தாம் ஆண்டு முடிவில் 19,000க்கு மேல் கட்டியிருப்போம். நிலுவை 17,000க்குச் சற்றுக் குறைவாக இருக்கும். உதவி அப்போதுதான் வருகிறது. கையில் காசில்லாமல் தவிப்பது முதல் மூன்று ஆண்டுகளில். விலகுகிறவர்களும் அப்போதுதான் விலகுகிறார்கள். என்னோடு சேர்ந்த வேதியியல் ஆசிரியை இரண்டாம் ஆண்டு மார்ச்சில் தன் மேசையைக் காலி செய்தார். ஆய்வுத்தாளின் பின்பக்கத்தில் வாடகை, கார், கடன் தவணை என்று கூட்டிப் போட்டிருந்த தாளை அங்கேயே விட்டுப் போனார். ஐந்தாம் ஆண்டில் கிடைக்கும் பணம் அந்தக் கூட்டலில் எங்கே வரும்?

செங்காந்தள்:
அந்தத் தாளைப் பற்றிப் படித்ததும் மனம் கனத்தது. சரி, ஐந்தில் ஒரு பங்கை ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் கொடுத்தால்?

மணல்மேடு:
அதைத்தான் கேட்க வேண்டும். வடக்கு கரோலினாவில் 2001இல் தொடங்கி மூன்று ஆண்டுகள், ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளில் கணிதம், அறிவியல், சிறப்புக் கல்வி ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 1,800 டாலர் கொடுத்தார்கள். வேலையை விட்டுப் போவது சுமார் 17 சதவீதம் குறைந்தது என்று பின்னர் ஆய்வாளர்கள் கண்டார்கள். பெரிய தொகை இல்லை. ஆனால் அந்தந்த ஆண்டே கைக்கு வந்தது.

கருவேலன்:
மூன்றே ஆண்டில் அதை நிறுத்தியும் விட்டார்களே, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஊக்கத்தொகைக்கு இருக்கும் ஆயுள் அவ்வளவுதான். பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் முதல் வெட்டு அங்கேதான் விழும். ஊதிய அட்டவணையில் ஏறியதை இறக்குவது அத்தனை எளிதல்ல. இன்னொன்று, நிபந்தனையோடு வரும் பணம் ஆளை விழுங்கும். ஆசிரியராகப் படிப்பவர்களுக்கு மத்திய அரசு தரும் டீச் மானியத்தை நினைத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 4,000 டாலர் வரை மானியம்; எட்டு ஆண்டுகளுக்குள் நான்கு ஆண்டுகள் குறிப்பிட்ட பள்ளிகளில் கற்பிக்க வேண்டும். ஒழுங்காகக் கற்பித்துக்கொண்டிருந்தவர்களுக்கும், ஒரு படிவம் தாமதமானது என்பதற்காக, மானியத்தை வட்டியோடு கடனாக மாற்றினார்கள். பத்திரிகையாளர்கள் விடாமல் எழுதிய பிறகு, 2018 டிசம்பரில்தான் கல்வித்துறை அதைச் சரிசெய்ய இறங்கி வந்தது.

அரிச்சுவடி:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் முதல் வகுப்பு ஆசிரியை. மத்திய அரசின் கடன் தள்ளுபடியில், ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்தால், மேல் வகுப்புக் கணித, அறிவியல் ஆசிரியருக்கு 17,500 டாலர் வரை கிடைக்கும். அதே பள்ளிகளில் அதே ஐந்து ஆண்டுகளுக்கு என்னைப் போன்றவர்களுக்கு 5,000 வரைதான். கல்லூரிக் கட்டணத்தில் எனக்கு யாரும் சலுகை தரவில்லை. என் வகுப்பில் ஒரு சிறுவன் ஆறையும் ஒன்பதையும் மாற்றி மாற்றி எழுதுவான். இரண்டு மாதம் அவன் விரலைப் பிடித்து மணலில் எழுத வைத்தேன். நாளை அவன் இயற்பியல் வகுப்புக்குப் போனால், அதற்கான அடித்தளம் இங்கே போட்டது.

மணல்மேடு:
சகோதரி, உங்கள் உழைப்பு குறைந்தது என்று யாரும் சொல்லவில்லை. இயற்பியல் படித்தவரை எண்ணெய் நிறுவனம் கூப்பிடுகிறது. இந்த வேறுபாடு அதனால்தான்.

அரிச்சுவடி:
அப்படியானால் என்னைக் கூப்பிட ஆளில்லை என்பதற்காகவே எனக்குக் குறைவாகத் தருகிறார்கள். அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ஏற்கிறேனா என்பது வேறு விஷயம்.

செங்காந்தள்:
எங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறேன். உதவியை ஆண்டுதோறும் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது முதல் கோரிக்கை. படிவம் தாமதமானால் எச்சரிக்கையும் அவகாசமும் தர வேண்டும், பறிக்கக் கூடாது என்பது இரண்டாவது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களையும் சேர்க்கலாம்தான். ஆனால் இருக்கும் பணத்தை எல்லோருக்கும் பங்கிட்டால் யாருக்கும் போதாமல் போய்விடுமோ என்று அஞ்சுகிறேன்.

அரிச்சுவடி:
மூன்றாவது கோரிக்கையாக எங்களையும் சேர்த்தால் கையெழுத்திடுகிறேன். இல்லையென்றால் இல்லை.

கருவேலன்:
ஊதிய உயர்வை முதல் வரியில் வையுங்கள், அம்மா. என் கையெழுத்தும் உண்டு.