தாயைக் காணோம், பூனைக்குட்டிகள் மட்டும் கிடக்கின்றன: எடுக்கலாமா?

சாம்பல்வால்:
வீட்டின் பின்புறம் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே மூன்று பூனைக்குட்டிகள் கிடக்கின்றன. கண் பாதிதான் திறந்திருக்கிறது, காது இன்னும் நிமிரவில்லை. காலையிலிருந்து தாயைக் காணோம். உள்ளே எடுத்து வந்து பசும்பால் கொடுக்கலாமா? மனிதர் தொட்டுவிட்டால் தாய் சேர்க்காது என்கிறார்களே, நிஜமா?

மரநிழல்:
உடனே எடுக்காதீர்கள். இரை தேடப் போகும் தாய்ப்பூனை சில மணி நேரம் கழித்துத்தான் திரும்பும். பக்கத்தில் ஆள் நின்றால் வந்துவிட்டும் ஒளிந்துகொள்ளும். குட்டிகளை வேறு இடத்துக்கு ஒவ்வொன்றாகத் தூக்கிப் போகிற நடுவிலும் இருக்கலாம். நாம் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பதில் உண்மையில்லை. ஆனால் ஓயாமல் எட்டிப் பார்த்தால் இடம் மாற்றிவிடும்.

குட்டிகளின் நிலைதான் சரியான தடயம். வயிறு உருண்டு, உடம்பு கதகதப்பாக, சுத்தமாக, ஒன்றன்மேல் ஒன்று சுருண்டு தூங்கினால் தாய் வந்து போகிறது என்று பொருள். பெட்டியைச் சுற்றித் தரையில் மாவை மெல்லிய வளையமாகத் தூவிவிட்டு விலகிப் போங்கள். தாய் வந்திருந்தால் தடம் பதிந்திருக்கும். ஒட்டிய வயிறு, விடாத கத்தல், சில்லென்ற உடம்பு, மேலே எறும்பு, மழை அல்லது நாய் பயம்: இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம், எடுத்துவிடுங்கள்.

சாம்பல்வால்:
மாலைவரை மாவில் தடமே இல்லை. மூன்றும் கத்துகின்றன, ஒன்று சில்லென்று துவண்டு கிடக்கிறது. எடுத்து வந்துவிட்டேன். முதலில் பால்தானே?

வெள்ளைமீசை:
இல்லை, முதலில் சூடு. குளிர்ந்துபோன குட்டிக்குக் குடல் ஓடாது. கொடுத்த பால் அப்படியே தேங்கி நொதிக்கும். விழுங்கவும் வலு இருக்காது, பால் நுரையீரலுக்குள் போய்விடும். உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால் ஒரு சொட்டுகூட ஊட்டக் கூடாது. சுடுநீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி மறுபாதிக்கு நகர்ந்துபோக இடம் வேண்டும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் மெதுவாகச் சூடேறட்டும். ஹேர் டிரையரோ சுடுநீர்க் குளியலோ வேண்டாம்.

கண் பாதி திறந்திருப்பதால் வயது ஏறக்குறைய 10 நாள். பெட்டிக்குள் 27 முதல் 29 டிகிரிவரை இருக்க வேண்டும்.

பசும்பால் வேண்டாம். தாய்ப்பூனையின் பாலில் உள்ள அளவு புரதமும் கொழுப்பும் அதில் இல்லை, லாக்டோஸ் என்ற பால்சர்க்கரை வேறு கூடுதல். வயிற்றுப்போக்கு பிடித்தால் இந்த வயதில் ஒரே நாளில் நீர் வற்றிப்போகும். பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்பொடியை வாங்குங்கள்.

அளவை எடையை வைத்து முடிவு செய்யுங்கள். சமையலறைத் தராசே போதும். 100 கிராம் எடைக்கு ஒரு நாளைக்கு 20 மில்லி அளவில் தொடங்குங்கள், அதே 100 கிராமுக்கு ஒரு வேளையில் 4 மில்லியைத் தாண்ட வேண்டாம். 200 கிராம் குட்டி என்றால் வேளைக்கு 6 அல்லது 7 மில்லி, நாளுக்கு 6 வேளை, இரவிலும் சேர்த்து. குட்டியைக் குப்புற, தாயிடம் குடிக்கும் நிலையில் வைத்தே ஊட்டுங்கள். கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் பிடிப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு, புரையேறி நிமோனியாவில் முடியும். சிரிஞ்சாக இருந்தால் அழுத்தித் தள்ளாமல், அது சப்பும் வேகத்துக்குச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்துங்கள்.

ஒவ்வொரு வேளைக்கும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்லத் தடவ வேண்டும். தாய் நக்கிவிடுவதற்கு ஈடு இது. சுமார் 3 வாரம்வரை அவற்றால் தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்க முடியாது. பலர் பாலில் கவனம் வைத்து இதை விட்டுவிடுகிறார்கள்.

தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதுங்கள். நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். ஒரு நாள் ஏறாமல் நின்றாலே மருத்துவரிடம் காட்டுங்கள், இரண்டாம் நாளுக்குத் தள்ளாதீர்கள்.

மரநிழல்:
ஈறு வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த எடையில் தெள்ளுப்பூச்சி குடிக்கும் ரத்தமே உயிரை வாங்கிவிடும். நெருக்கமான பல் சீப்பால் வாரி, சிக்கும் பூச்சிகளைச் சோப்பு நீரில் போட்டுவிடுங்கள். நாய்களுக்கான தெள்ளு மருந்தைத் தொடவே வேண்டாம். பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி பூனைக்கு விஷம். வீட்டில் வேறு பூனை இருந்தால் இரண்டு வாரமாவது தனி அறை, தனித் துணி. கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கூடையோரம்:
தாயை மறந்துவிடாதீர்கள். இரவில் திரும்பி வந்து தேடினால் குட்டிகளைப் பழைய இடத்திலேயே, சூட்டோடு, வைத்துவிட்டு விலகுங்கள். பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். எந்தப் பால்பொடியும் அதற்கு ஈடாகாது.

வந்தால் அதற்கும் கருத்தடை செய்ய வேண்டும். பால் கொடுக்கும்போதே மறுபடி சினைபிடிக்கும். சினைக்காலம் 63 முதல் 65 நாள்தான், ஆகவே குட்டிகள் திட உணவுக்கு மாறியதும் தாமதிக்காதீர்கள். தாயைப் பிடிக்கும் பொறிக்கூண்டின் கதவைச் சில நாள் மூடாதபடி திறந்தே கட்டி, உள்ளே சாப்பாடு வைத்துப் பழக்குங்கள். பிடிக்கும் நாளில் மட்டும் கதவை விடுவியுங்கள். மாட்டியதும் கூண்டைத் துணியால் மூடினால் அடங்கிவிடும். குட்டிகள் எங்கே என்று தெரியாமல் தாயை மட்டும் பிடித்துப்போனால் அவை பட்டினியில் செத்துப்போகும்.

குட்டிகளை 8 வாரத்துக்கு முன் யாருக்கும் கொடுக்காதீர்கள். முடிந்தால் இரண்டாகச் சேர்த்தே கொடுங்கள். உடன்பிறப்போடு விளையாடித்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று அவை கற்கும். 6 முதல் 8 வாரத்தில் முதல் தடுப்பூசி, பிறகு 16 வாரம்வரை 3, 4 வாரத்துக்கு ஒருமுறை. குடற்புழு மருந்தை அதற்கு முன்பே தொடங்க வேண்டும், அளவை மருத்துவர் எடை பார்த்துச் சொல்வார். எடுத்துப் போகிறவரிடம் இந்தத் தேதிகளைத் தாளில் எழுதிக் கொடுங்கள். கருத்தடைக்கான மாதத்தையும் அதிலேயே குறியுங்கள்: 5 மாதம் முடிவதற்குள்.