வின்ஃபார்ம்ஸ் இன்னும் எத்தனை வருடம் தாங்கும்? டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 4.8-லேயே இருக்கலாமா, மாறணுமா?

பழையபட்டன்:
நாங்கள் பராமரிக்கிற இருப்புக் கணக்கு மென்பொருள் முழுக்க வின்ஃபார்ம்ஸ் (விண்டோஸ் டெஸ்க்டாப் திரைகள் செய்கிற மைக்ரோசாஃப்டின் கருவி). அடியில் மைக்ரோசாஃப்டின் பழைய தளமான டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 4.8, மொழி பாதி விபி டாட்நெட், பாதி சி ஷார்ப். எடை மெஷினிலிருந்து சீரியல் போர்ட் வழியாக அளவு வாங்கும், ஸ்கேனருக்கு ஒரு 32 பிட் ஆக்டிவ்எக்ஸ் கன்ட்ரோல் (பழைய விண்டோஸ் பாணிச் செருகு நிரல்) உண்டு, கிரிட் (அட்டவணை காட்டும் கன்ட்ரோல்) எல்லாம் காசு கொடுத்து வாங்கிய வெளிக் கம்பெனியுடையது. பயன்படுத்துகிறவர்கள் குறை சொல்வதில்லை. ஆனால் மேலே இருக்கிறவர் எதையோ படித்துவிட்டு, இது செத்துப்போன டெக்னாலஜி, வெப்பில் புதிதாக எழுதுங்கள் என்கிறார். உண்மையிலேயே செத்துவிட்டதா? ஃப்ரேம்வொர்க்குக்கு அடுத்து வந்த புதிய டாட்நெட் வரிசையில் டாட்நெட் 10-க்கு நகர்த்தினால் போதுமா, அல்லது வின்யூஐ (மைக்ரோசாஃப்டின் புதிய திரைக் கருவி) மாதிரி ஏதாவது பார்க்க வேண்டுமா? பத்து வருடக் கணக்கில் யோசித்துச் சொல்லுங்கள்.

ரன்டைம்ராசு:
செத்துவிட்டது என்று 2006-லிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்த வருடம்தான் அதே வேலைக்கான புதிய கருவி டபிள்யூபிஎஃப் வந்தது, வின்ஃபார்ம்ஸ் கதை முடிந்தது என்றார்கள். அப்புறம் ப்ரவுசருக்கான சில்வர்லைட் வந்தது, அதன் சப்போர்ட் 2021 அக்டோபரில் முடிந்தது. மொபைலுக்கான ஸமரின் 2024 மே மாதத்தோடு முடிந்தது. 2002-ல் வந்த வின்ஃபார்ம்ஸ் இன்னும் ஓடுகிறது, 2018 டிசம்பரில் அதன் சோர்ஸையும் கிட்ஹப்பில் திறந்துவிட்டார்கள்.

4.8-க்குத் தனியாக முடிவுத் தேதி கிடையாது. அது விண்டோஸின் ஒரு பாகம், அது இருக்கிற விண்டோஸுக்கு சப்போர்ட் இருக்கும்வரை அதற்கும் இருக்கும். 4.6.2-ல் யாராவது மாட்டிக்கொண்டிருந்தால்தான் அவசரம், அது 2027 ஜனவரியில் முடிகிறது. விபி டாட்நெட்டுக்கு முந்தைய விபி6 கதையைப் பாருங்கள்: எழுதுகிற கருவிக்கு 2008-லேயே சப்போர்ட் நின்றுவிட்டது, ரன்டைம் (எழுதியதை ஓட்டும் பகுதி) மட்டும் விண்டோஸ் 11-லும் ஓடுகிறது. மைக்ரோசாஃப்ட் பழைய பைனரியை அவ்வளவு சீக்கிரம் உடைக்காது. பேசாமல் இருங்கள்.

கன்ட்ரோல்சீ:
மேலே சொன்னதில் தகவல் சரி, முடிவோடுதான் எனக்கு ஒத்துப்போகவில்லை. சப்போர்ட் உண்டு என்றால் என்ன அர்த்தம்? ஓட்டை கண்டுபிடித்தால் அடைப்பார்கள், அவ்வளவுதான். 2022-ல் வந்த 4.8.1-க்குப் பிறகு புதுப் பதிப்பே இல்லை. சி ஷார்ப் 7.3-க்கு மேல் அதிகாரபூர்வமாகப் போக முடியாது. டேட்டாபேஸோடு பேசும் லைப்ரரியான என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோர் 4.8-ல் வேண்டுமென்றால் 3.1 தான் கடைசி, அதற்கே 2022 டிசம்பரில் சப்போர்ட் முடிந்துவிட்டது. இப்படி ஒவ்வொரு லைப்ரரியாகக் கழன்றுகொண்டே போகும், ஃப்ரேம்வொர்க் மட்டும் அப்படியே நிற்கும்.

அதைவிடப் பெரிய ஆபத்து உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது, யாரும் அதைத் தொடவில்லை: அந்த ஸ்கேனர் ஆக்டிவ்எக்ஸ். அதைச் செய்தவர்கள் இன்னும் இருக்கிறார்களா? 64 பிட் பதிப்பு உண்டா? சோர்ஸ் கிடைக்குமா? மைக்ரோசாஃப்ட் எத்தனை வருடம் என்று கேட்பதற்கு முன்னால், அந்தக் கன்ட்ரோலுக்கும் கிரிட்டுக்கும் எத்தனை வருடம் என்று விசாரியுங்கள். நான் பார்த்தவரை இந்த மாதிரி அப்ளிகேஷன்களை முடக்குவது பெரும்பாலும் யாருமே கவனிக்காத ஒரு டிஎல்எல் (துணை நிரல் ஃபைல்) தான்.

பழையபட்டன்:
கிரிட் கம்பெனி டாட்நெட் 8-க்கான பதிப்பு தருகிறது. ஸ்கேனர் கன்ட்ரோல் செய்தவர்களிடமிருந்து மெயிலுக்குப் பதிலே இல்லை. அது இருந்தால் டாட்நெட் 10 பக்கம் போகவே முடியாதா?

நூகெட்நாகு:
போகலாம். ப்ராசஸை x86 (32 பிட்) ஆக பில்ட் செய்தால் 32 பிட் ஆக்டிவ்எக்ஸ் டாட்நெட் 10-லும் ஓடும், ஆக்டிவ்எக்ஸோடு பேச வைக்கும் காம் இன்டராப் அப்படியே இருக்கிறது. ஃபார்மை வரைகிற டிசைனரில்தான் தலைவலி, விஷுவல் ஸ்டுடியோ 2022-லிருந்து 64 பிட் ஆகிவிட்டதால் அந்த ஃபார்மைத் திறந்தால் முரண்டு பிடிக்கும். ஸ்கேனர் வேலையைத் தனியாக ஒரு சின்ன 32 பிட் எக்ஸி (தனி ப்ரோகிராம்) ஆக்கி, நேம்டு பைப் (இரண்டு ப்ரோகிராம்கள் பேசிக்கொள்ளும் வழி) வழியாகப் பேச வைத்துவிடுங்கள். நாளைக்கு ஸ்கேனரையே மாற்றினாலும் அந்த எக்ஸியை மட்டும் தூக்கி எறியலாம்.

நகர்த்தும்போது அடி விழும் இடங்கள் எனக்குத் தெரிந்து இவை. பழைய டேட்டாகிரிட், மெயின்மெனு, கான்டெக்ஸ்ட்மெனு, டூல்பார் கன்ட்ரோல்கள் எதையாவது தொட்டிருந்தால் டேட்டாகிரிட்வியூ, மெனுஸ்ட்ரிப் வகையறாவுக்கு மாற்றணும். தனி ஆப்டொமைன் (ஒரே ப்ராசஸுக்குள் தனித்து ஓடும் பகுதி) உருவாக்கியிருந்தாலோ ரிமோட்டிங் (வேறு ப்ராசஸில் இருக்கும் ஆப்ஜெக்டைக் கூப்பிடும் பழைய முறை) இருந்தாலோ அந்தப் பகுதியைத் திரும்ப யோசிக்கணும். சீரியல் போர்ட்டுக்கு ஒரு நூகெட் பேக்கேஜ் (இணையத்தில் கிடைக்கும் தயார் லைப்ரரி) சேர்த்தால் போதும், கோடு கிட்டத்தட்ட அதேதான். ஆப்ஜெக்டை பைட்டுகளாக்கிச் சேமிக்கும் பைனரிஃபார்மேட்டர்தான் மோசம்: டாட்நெட் 9-லிருந்து எடுத்தே விட்டார்கள், கூப்பிட்டால் எக்செப்ஷன் (ஓடும்போது பிழை). செட்டிங்ஸை அதில் சேமித்திருந்தால் மட்டுமில்லை, சொந்த கிளாஸ் ஆப்ஜெக்டை கிளிப்போர்டில் போட்டிருந்தாலும், ட்ராக் அண்ட் ட்ராப்பில் அனுப்பியிருந்தாலும் மாட்டும். கம்பைல் ஆகிவிடும், யாராவது இழுத்துப் போடும்போதுதான் தெரியும். பழைய ஃபைல்களை 4.8-ல் இருக்கும்போதே படித்து ஜேசன் (எழுத்து வடிவ ஃபைல்) ஆக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் தாவ வேண்டாம். முதலில் ப்ராஜெக்ட் ஃபைல்களைப் புதிய எஸ்டிகே வடிவத்துக்கு மாற்றுங்கள், 4.8-லேயே. அப்புறம் ஃபார்ம் இல்லாத லைப்ரரிகளை 4.8, 10 இரண்டுக்கும் சேர்த்து பில்ட் ஆக வையுங்கள். பட்டன் கிளிக்குக்குள் எஸ்க்யூஎல் எழுதி வைத்திருப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான், அதை வெளியே இழுப்பதுதான் நிஜமான வேலை. அது முடிந்தால் மேலே வின்ஃபார்ம்ஸா வெப்பா என்பது பிறகு எப்போது வேண்டுமானாலும் முடிவு செய்யலாம்.

ரன்டைம்ராசு:
ஒன்று மட்டும் சேர்க்கிறேன். புது டாட்நெட்டுக்குப் போனால் சும்மா உட்கார முடியாது. எல்டிஎஸ் (நீண்ட கால சப்போர்ட்) பதிப்பு என்றாலும் மூன்று வருடம்தான். 8-ம் 9-ம் இரண்டுமே 2026 நவம்பரில் முடிகின்றன, 10 என்றால் 2028 நவம்பர். பத்து வருடக் கணக்கு என்கிறீர்கள், அதற்குள் மூன்று நான்கு தடவையாவது மேலே ஏற்றணும். அதைச் செய்ய ஆள், டெஸ்ட், பட்ஜெட் இருக்கிறதா? இல்லையென்றால் சப்போர்ட் முடிந்த டாட்நெட் 10-ஐவிட பேட்ச் வருகிற 4.8 மேல்.

கன்ட்ரோல்சீ:
இதை ஒத்துக்கொள்கிறேன். வின்யூஐ பக்கம் இப்போது போகாதீர்கள், எல்லா ஃபார்மையும் திரும்ப எழுதணும், பயன்படுத்துகிறவருக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது. வெப் கேட்கிறவரிடம், எடை மெஷினோடும் ஸ்கேனரோடும் யார் பேசுவது என்று கேளுங்கள். சீரியல் போர்ட்டுக்கு க்ரோமில் வழி இருக்கிறது, ஆக்டிவ்எக்ஸுக்குக் கிடையாது. கடைசியில் ஒவ்வொரு மெஷினிலும் ஒரு டெஸ்க்டாப் ப்ரோகிராம் போட்டுத்தான் ஆகணும்.

பழையபட்டன்:
சரி, முதலில் எஸ்டிகே வடிவம், ஸ்கேனருக்குத் தனி எக்ஸி. விபி ப்ராஜெக்ட்களை சி ஷார்ப்புக்கு மாற்றிவிட்டுத் தொடங்கணுமா?

நூகெட்நாகு:
வேண்டாம். விபி டாட்நெட் 10-லும் வின்ஃபார்ம்ஸோடு ஓடும். மொழியில் புதிதாக எதுவும் பெரிதாகச் சேர்க்க மாட்டார்கள், ஓடுகிற கோடுக்கு அது தேவையும் இல்லை. புதிதாக எழுதுவதை மட்டும் சி ஷார்ப்பில் எழுதுங்கள்.