திருநெல்வேலி ரெக்கார்டிங் சென்டர்களும் அவற்றோடு போனவையும்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் திருநெல்வேலியில் வளர்ந்தவர்களில் பலர், கம்பெனிக் கேசட்டுகளைவிட ரெக்கார்டிங் சென்டரில் பதிந்து வாங்கிய கேசட்டுகளில்தான் அதிகம் பாட்டுக் கேட்டிருப்பார்கள். ஒரு படத்தில் பிடித்த பாட்டு இரண்டுதான் என்றால் அதற்காக முழுக் கேசட்டை வாங்க மனம் வராது. காலிக் கேசட் ஒன்றை எடுத்துக்கொண்டு, வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால், சில நாளில் பதிந்து வைத்திருப்பார்கள்.

நான் வழக்கமாகப் போன கடை ஜங்ஷன் பக்கம், ஒரு மாடிப்படியின் கீழே இருந்தது. கடைக்கார அண்ணாச்சி தாளை வாங்கியதும் ஒரு முறை முழுக்கப் படித்துவிட்டுப் பென்சிலால் வரிசையை மாற்றத் தொடங்குவார். அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம்தான். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்து போகாமலிருக்க எந்தப் பாட்டு எத்தனை நிமிடம் என்பது அவருக்கு மனப்பாடமாக இருந்தது. மிச்சமிருக்கும் இரண்டு நிமிடத்துக்குக் கேட்காமலேயே ஒரு சின்னப் பாட்டைச் சேர்த்துவிடுவார். "சோகப் பாட்டு ரெண்டையும் அடுத்தடுத்து வைக்காதீங்க தம்பி, ஒண்ணு அந்தப் பக்கம் போகட்டும்" என்பார். தொண்ணூறு நிமிடக் கேசட் கேட்டால், "அது நாடா மெலிசு, டேப்புல சுத்திக்கும்" என்று தடுத்துவிடுவார். பதிந்து முடித்ததும் கேசட்டின் மேல் விளிம்பிலிருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் தடுப்புகளையும் ஸ்குரூ டிரைவரால் உடைத்துவிட்டுத்தான் கையில் கொடுப்பார். உடைத்துவிட்டால் வேறு யாரும் தவறுதலாக அதன் மேல் பதிய முடியாது. அட்டையில் பாட்டின் முதல் வரியோடு பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களும் அவர் கையெழுத்தில் இருக்கும். கண்ணதாசன் பாட்டு எது, வாலி பாட்டு எது என்று நான் பிரித்தறியக் கற்றுக்கொண்டது அந்த அட்டைகளிலிருந்துதான். இன்று செயலிகளில் பாட்டு எழுதியவர் பெயரைத் தேடினால் பல நேரம் கிடைப்பதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

இந்தப் பதிவு உரிமம் பெற்ற தொழில் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இசைத்தட்டு நிறுவனத்துக்கோ கலைஞர்களுக்கோ அதில் ஒரு பைசாவும் போகவில்லை. அந்த இழப்பைச் சிறியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கடையில் திரைப்பாட்டு ஒரு பாதிதான். மறுபாதியைத் தேடி வந்தவர்கள் மைக் செட்காரர்கள்.

கோயில் கொடை, அதாவது ஊர்ச் சாமிகளுக்கு எடுக்கும் திருவிழா, நெருங்கும் மாதங்களில் அவர்கள் கூட்டம் தாங்காது. எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள், காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம், திருவிளையாடல் வசனம் என்று கேட்டு வாங்கிப் போவார்கள். அவர்களே ஊர்க்கொடையில் நேரில் பதிந்த வில்லுப்பாட்டுக் கேசட்டுகளைக் கொண்டுவந்து பிரதி எடுக்கக் கொடுப்பதும் உண்டு. அண்ணாச்சி தமக்கும் ஒரு பிரதி வைத்துக்கொண்டு, ஊர், சாமி, பாடிய குழு, வருடம் எல்லாவற்றையும் ஒரு நீள நோட்டில் குறித்து வைப்பார். சுடலைமாடன் கதையை ஒரு குழு எப்படி முடிக்கிறது, இன்னொரு குழு எங்கே நீட்டுகிறது என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எந்த நிறுவனமும் வெளியிடாத, எந்தப் பட்டியலிலும் இல்லாத பதிவுகள் அவை.

கடை ஒரே நாளில் மூடப்படவில்லை. முதலில் எம்பி3 வந்தது. நூறு பாட்டுக்கு மேல் ஒரே சிடியில் அடங்கிவிட, வரிசை பார்த்துப் பதியும் வேலைக்கு அவசியமில்லாமல் போனது. சில காலம் விசிடி வாடகைக்கு விட்டார். 2004இல் வீடியோ திருட்டு குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டதும் பயந்து நிறுத்திவிட்டார். 2007இல் மோசர் பேர் நிறுவனம் படங்களின் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியபோது, அவற்றை அடுக்கி வைத்துக் கொஞ்சம் மூச்சு விட்டார். பிறகு 'மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்' என்ற பலகை வந்தது. 2016இல் ஜியோ வந்ததும் அதற்கும் ஆள் வரவில்லை. இப்போது அவருடைய மகன் அதே இடத்தில் செல்போன் கவரும் சார்ஜரும் விற்கிறார்.

கொல்கத்தா பார்க் தெருவின் மியூசிக்வேர்ல்ட் 2013இல் மூடப்பட்டபோதும், 1948 முதல் மும்பையில் இருந்த ரிதம் ஹவுஸ் 2016இல் மூடப்பட்டபோதும் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. எழுத வேண்டியதுதான். ஆனால் அந்தக் கடைகளில் விற்றவற்றில் பெரும்பகுதி இன்றும் எங்காவது கேட்கக் கிடைக்கிறது. மாடிப்படிக் கடையில் இருந்தது அப்படியல்ல.

சில வருடங்களுக்கு முன் அண்ணாச்சியின் மகனிடம் அந்தக் கொடைக் கேசட்டுகளைப் பற்றிக் கேட்டேன். "வீட்டுப் பரண்ல கெடந்துச்சு சார், அப்பா போனதுக்கு அப்புறம் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுட்டோம். ஒரு அட்டைப்பெட்டி மட்டும் இருக்கு, வேணும்னா எடுத்துக்கோங்க" என்றார். நீள நோட்டு கிடைக்கவில்லை. பெட்டியிலிருந்த பல கேசட்டுகளின் நாடாவில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தது. அவற்றைக் கையாலேயே மெதுவாகச் சுற்றி, துணியால் துடைத்து, ஒவ்வொரு பக்கம் ஓடி முடிந்ததும் டேப்பின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் சுத்தம் செய்து, கணினியில் ஏற்றி வருகிறேன். குரல் மந்தமாகக் கேட்டால் ஹெட்டின் பக்கத்திலுள்ள சின்னத் திருகாணியை மயிரிழை அளவு திருப்பிப் பார்க்க வேண்டும். சரியான இடம் வந்ததும் வில்லின் மணியோசை பளிச்சென்று எழும்பும். பாடும் குழு எது, ஊர் எது என்பது பல கேசட்டுகளில் தெரியவில்லை.

நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் மைக் செட் வைத்திருந்தவர்களின் வீடுகளில் இத்தகைய கொடைக் கேசட்டுகள் இன்னும் இருக்கக்கூடும். உங்கள் உறவில் யாரேனும் அந்தத் தொழிலில் இருந்திருந்தால் பரணை ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். கிடைத்தால் உடனே டேப்பில் போட்டு ஓட்டிவிடாதீர்கள். முதலில் அட்டையில் எழுதியிருப்பதைப் படம் எடுத்து இங்கே பகிருங்கள்.