மூன்று கோப்பை, நான்கு பேர்

வாஷ்பேசின் கொள்முதலுக்காகத்தான் சாவ்ஜோ போனேன். சீனாவின் குவாங்டோங் மாநிலத்தின் கிழக்குக் கோடியில் இருக்கும் பீங்கான் ஊர். விலை பேச உட்கார்ந்தால் முதலில் வருவது தேநீர். நாங்கள் நான்கு பேர். தட்டில் எலுமிச்சம்பழ அளவில் மூன்றே கோப்பைகள். எத்தனை பேர் வந்தாலும் அங்கே மூன்றுதான். ஒருவர் குடித்ததும் கொதிநீரில் அலசி அடுத்தவருக்கு. "நீங்க முதல்ல" என்று விட்டுக்கொடுப்பதிலேயே கூச்சம் போய்விடுகிறது.

ஊற்றித் தந்தவர் முதலாளியின் அப்பா. அதை அவர் "தே" என்றார்! மாண்டரினில் சா, அந்தக் கரையோரப் பேச்சில் தே. நம் தேயிலையில் இருப்பதும் அதே சொல்தான். எனக்கும் கற்றுத்தாருங்கள் ஐயா என்று கைபேசி மொழிபெயர்ப்பில் கேட்டுவிட்டேன்.

கைவான் என்பது மூடிபோட்ட சின்னக் கிண்ணம், 100 மில்லி பிடிக்கும். அதில் ஃபெங்ஹுவாங் மலையின் ஊலாங் எனும் தேயிலை 7 கிராம். கெண்டியை உயர்த்தி, நடுவில் விழாமல் ஓரமாகச் சுற்றி ஊற்றி, நுரையை மூடியால் வழித்துவிட வேண்டும். முதல் நீர் கோப்பை கழுவ. இரண்டாவதில், சாயம் இறங்கட்டும் என்று நம் ஊர்ப் பழக்கத்தில் காத்திருந்தேன். அவர் தடுக்கவில்லை, குடிக்கச் சொன்னார். நாக்கைப் பிடித்து இழுத்தது கசப்பு. அடுத்ததைப் பத்து விநாடிக்குள் வடித்தார். அதே இலையில் தேன் மணம்!

விரல் சுட்டதைச் சொல்லியாக வேண்டும், புதியவர்கள் பலரும் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். கிண்ணத்தின் வாய் விரியும் இடத்துக்குக் கீழேயே தண்ணீர் நிற்க வேண்டும். நான் தளும்பத் தளும்ப ஊற்றியிருந்தேன். கட்டைவிரலும் நடுவிரலும் விளிம்பில், ஆள்காட்டி விரல் மூடியின் குமிழில். மூடியைக் கீற்றளவு ஒதுக்கி, தயங்காமல் ஒரே சாய்ப்பு.

கோப்பைகளை ஒட்டிவைத்து, தாழ்வாகச் சுற்றிச் சுற்றி ஊற்றுவதற்கு 'குவான் கோங் நகர்வலம்' என்று பெயர். கடைசிச் சொட்டுகளைக் கோப்பைக்கு ஒன்றாக விடுவது 'ஹான் சின் படையெண்ணுதல்'. இருவருமே பழங்காலத் தளபதிகள். கடைசிச் சொட்டில்தான் சாரம் அதிகம். அது ஒருவருக்கே போய்விடக் கூடாது.

பழக நினைப்பவர்கள் முதலில் பச்சைத்தண்ணீரை ஊற்றிப் பழகுங்கள். நான் அப்படித்தான் கை பழகினேன்.

*

ஒரு வாசகர் எழுதியது: இதைப் படித்ததும் எனக்கு சிங்கப்பூர் ஞாபகம். பக்கத்து வீட்டு தியோச்சியூ (சாவ்ஜோ வம்சாவளி) ஆண்ட்டியிடம் இந்தத் தேநீர் முறையைக் கற்றேன். அவர் வைத்திருந்தது சீனாவின் யீசிங் ஊர் மண்ணில் செய்த தேநீர்க் குடுவை. உதவுகிறேன் என்று ஒருநாள் அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டேன். அந்த மண் மணத்தை உறிஞ்சும், பல வருட ஊலாங் அதில் ஊறியிருந்தது. ஆண்ட்டி ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. பாத்திரத்தில் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றிக் கொதிக்கவிட்டார். கடைசித் தண்ணீரில் பழைய தேயிலை ஒரு பிடி. மூன்றாம் நாள் அதே குடுவையை என் கையில் கொடுத்து ஊற்றச் சொன்னார். குடித்துப் பார்த்துவிட்டு, மேசையில் இரண்டு விரலால் தட்டினார். நன்றி சொல்லும் முறை அது.